ஊரும் நீரும் – 9: மலைக்கு எதிரே ஒரு மடு

'மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்' என்று ஒருமுறையாவது சொல்லாத தமிழர் இல்லை. அந்த மடு எது என்று கேட்டால் பள்ளம் என்பார்கள். பாதிதான் சரி. ஆற்று வெள்ளம் சுழன்று குடைந்த ஆழமான இடம்தான் மடு. கோடையில் படுகை முழுக்க மணல் தெரிந்தாலும் அங்கே மட்டும் தண்ணீர் நிற்கும். கண்ணன் காளியன் தலையில் ஆடியதும் மடுவில்தான். கஜேந்திரனின் காலை முதலை கவ்வியதும் மடுவில்தான்.

வன்னியில் குளமும் மடுவும் ஒன்றல்ல. குளத்துக்கு மனிதன் கட்டுப் போட வேண்டும். கட்டுக்கரைக்குளத்தின் பெயரே அதைச் சொல்லிவிடும். மடு தானாக அமைந்தது. பெரியமடு, தட்சணாமடு, கல்மடு என்று ஊர்ப்பெயர்கள் கிடக்கின்றன. இவற்றில் கல்மடுக்குளம் எனக்குப் பிடித்த பெயர். முதலில் இருந்த மடுவுக்குப் பிற்காலத்தில் யாரோ கட்டுப் போட்டிருக்கிறார்கள் என்ற கதை அந்த ஒரு பெயருக்குள்ளேயே இருப்பதாகத் தோன்றுகிறது.

இனி மடு மாதாவின் ஊர். இதன் முழுப்பெயர் மருதமடு. மருதமரம் ஆற்றங்கரை மரம். அது நிற்கும் இடத்தில் நீர் தூரத்தில் இராது. 1658இல் மன்னார் ஒல்லாந்தர் கைக்குப் போனது. கத்தோலிக்கருக்கு நெருக்கடி முற்றவே, 1670 அளவில் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு இந்தக் காட்டுக்குள் வந்தன என்பது திருத்தல வரலாறு. ஒளிந்து வாழ வந்தவர்களுக்குக் காடு மறைவு தரும், குடிக்கத் தண்ணீர் தராது. மருதமடு என்ற பெயரிலேயே அவர்கள் ஏன் இங்கே நின்றார்கள் என்பதற்கு விடை இருக்கிறது என்பேன். ஆடித் திருவிழாவும் ஆவணித் திருவிழாவும் வருவது வறண்ட மாதங்களில். லட்சக்கணக்கில் சனம் கூடும்போது இன்றைக்கும் முதல் கவலை தண்ணீர்தான். மருதம் பேச்சில் உதிர்ந்துவிட்டது. ரயில் நிலையப் பலகையிலும் 'மடு வீதி' மட்டுமே.

நமக்குப் பழமொழியிலும் ஊர்ப்பெயரிலும் ஒதுங்கிவிட்ட இந்தச் சொல் தெலுங்கிலும் கன்னடத்திலும் தினமும் அச்சாகிறது. கொலைச் செய்தி எழுதும் தெலுங்கு நிருபர் 'ரக்தபு மடுகு' என்பார். கன்னடத்தவர் 'ரக்தத மடு' என்பார். தமிழ் நிருபருக்கு அது 'இரத்த வெள்ளம்'. அவர்களுக்குத் தேங்கி நிற்கும் இரத்தம் நமக்கு ஓடுகிறது! மலையாளி 'மடுத்து' என்றால் மட்டும் ஏமாறக்கூடாது. அவருக்கு அலுத்துவிட்டது என்று பொருள்.

சிங்கள யாத்திரிகர் மடு மாதாவின் கோவிலை 'மடு பள்ளிய' என்பார்கள். ஒலி அதேதான். ஆனால் சிங்களத்தில் 'மடுவ' என்றால் கொட்டகை; பத்தினித் தெய்வத்துக்கான 'கம் மடுவ' சடங்கின் பெயரில் இருப்பதும் அதுதான். மண்டபம் என்ற வடசொல்லின் வழிவந்தது. நம் மடுவோடு உறவில்லை. திருவிழா நாளில் கொட்டகை போட்டுத் தங்கும் சிங்களக் குடும்பத்துக்கு ஊர்ப்பெயர் பொருத்தமாகவே கேட்கக்கூடும். மன்னார்க் கடலில் நாம் திருக்கை என்னும் மீனும் அவர்களுக்கு 'மடுவா'.

அடுத்த வாரம் 'வில்லு'. வில்பத்துக் காட்டின் நீர்நிலைகளுக்கும் அம்பு எய்யும் வில்லுக்கும் ஏதாவது உறவு உண்டா?