கொட்டாவியும் அனுதாபமும்

பிறர் கொட்டாவி விடுவதைக் கண்டும் தமக்கு அது வாராதவர்கள் நெஞ்சில் ஈரமற்றவர்கள் என்றொரு பேச்சு சில ஆண்டுகளாகப் பரவியிருக்கின்றது. சாஸ்திரத்தின் பெயரால் சொல்லப்படுவதால் படித்தவர்களும் இதை நம்பிவிடுகிறார்கள். ஒரு மனிதனுடைய குணத்தைக் குறித்த குற்றச்சாட்டு இது. ஆகவே சாட்சியத்தைப் பரிசீலிப்பது அவசியமாகின்றது.

இரத்தத்தில் பிராணவாயு குறைவதே கொட்டாவிக்குக் காரணம் என்ற பழைய பாடம் பரீட்சையில் நிற்கவில்லை. அமெரிக்காவில் மேரிலாந்து சர்வகலாசாலையைச் சேர்ந்த ராபர்ட் ப்ரொவைன் என்பார் 1987-ல் மாணாக்கர்களைத் தனிப் பிராணவாயுவையும், கரியமிலவாயு மிகுந்த காற்றையும் மாற்றி மாற்றிச் சுவாசிக்கச் செய்தார். கொட்டாவி கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் பிறர் கொட்டாவி விடும் படத்தைக் காட்டியபொழுது, ஐந்து நிமிஷத்திற்குள் பாதிக்குமேற்பட்டோர் கொட்டாவி விட்டனர். படத்தில் வாயை மறைத்துக் காட்டியும் தொற்று நிற்கவில்லை. ஆகையால் நாம் கையால் வாயை மூடிக்கொள்வது மரியாதையே தவிர, பக்கத்திலிருப்பவருக்குப் பாதுகாப்பன்று. கொட்டாவியைப் பற்றி வாசிப்பதே போதும் என்றும் அவர் கண்டார். இதற்கு நமது நேயர்களே சாட்சியாயிருக்கலாம்!

தாயின் கருவிலுள்ள சிசுவும் கொட்டாவி விடுகிறது. பிறரிடமிருந்து தொற்றுவதோ ஏறக்குறைய நான்கு வயதிற்குப் பின்னரே நன்கு காணப்படுகிறது. பிறர் மனத்தை உணரும் ஆற்றலும் அப்பருவத்திலேயே வளர்வதால், இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை என்று சிலர் ஊகித்தார்கள். இத்தாலியில் 2011-ல் வெளியான ஆராய்ச்சியொன்று, அந்நியரைவிடச் சிநேகிதரிடமிருந்தும், சிநேகிதரைவிட உறவினரிடமிருந்தும் கொட்டாவி அதிகமாய்த் தொற்றுவதாகக் கூறிற்று. ஊகத்திற்கு இது பலமளித்தது உண்மையே.

தீங்கு இதற்குமேல்தான் ஆரம்பமாகிறது. ஆட்டிஸம் என்னும் நிலையிலுள்ள குழந்தைகளுக்குக் கொட்டாவி தொற்றவில்லை என்று 2007-ல் லண்டன் ஆராய்ச்சியாளர் சிலர் வெளியிட்டனர். உடனே, அக்குழந்தைகளுக்குப் பிறர்பால் அனுதாபமே கிடையாதென்று சொல்பவர்கள் கிளம்பிவிட்டார்கள். அக்குழந்தைகளோ பிறர் முகத்தை, விசேஷமாய்க் கண்களை, நேரே நோக்குவது குறைவு. 2009-ல், படத்திலுள்ளவர்களின் கண்களை நோக்கும்படி சொல்லிக் காட்டியபொழுது, மற்றக் குழந்தைகளுக்குச் சமமாகவே அவர்களும் கொட்டாவி விட்டனர். ஜப்பானியர் 2013-ல் வெளியிட்ட ஆராய்ச்சியும் இதையே உறுதிசெய்தது. சம்மன் சேராதவன்மீது, கோர்ட்டுக்கு வரவில்லையென்று குற்றஞ் சாட்டுவதற்கும் முன்சொன்ன முடிவுக்கும் என்ன பேதம்?

வளர்ந்தவர்களைப் பற்றிய சாட்சியமும் குற்றச்சாட்டுக்கு அனுகூலமாக இல்லை. அமெரிக்காவின் டியூக் சர்வகலாசாலையார் 2014-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆரோக்கியமுள்ள 328 பேருக்கு மூன்று நிமிஷப் படமொன்று காட்டப்பட்டது. 222 பேர் கொட்டாவி விட்டனர். அவர்களுடைய அனுதாப குணத்தையும், களைப்பையும், உறக்கத்தையும் தனித்தனியே அளந்து ஒப்பிட்டபொழுது, வயது ஏற ஏறத் தொற்று சிறிது குறைகிறது என்பது மட்டுமே புலப்பட்டது. வாய் திறவாத மற்ற 106 பேரை இரக்கமற்றவர் என்று சொல்ல அங்கே ஆதாரம் எதுவும் அகப்படவில்லை.