கத்தி படாமல் தசையின் நிலையறிய

மரத்திலிருந்து விழுந்து முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்த சிறுவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். எலும்பை நேராக்கி மாவுக்கட்டும் போட்டாயிற்று. எக்ஸ்ரே படத்தில் யாவும் சரியாகவே இருக்கின்றன. ஆயினும் இரவெல்லாம் பிள்ளை வலியால் துடிக்கிறான். அடிபட்ட கை வலிக்கத்தானே செய்யும் என்று பெற்றோர் தேற்றுகின்றனர்.

ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கக்கூடும். நம் கைகால்களின் தசைகள் எளிதில் விரியாத உறைகளுக்குள் அறையறையாக அமைந்துள்ளன. முழங்காலுக்குக் கீழே மட்டும் இத்தகைய அறைகள் 4 உண்டு. அடிபட்ட தசை வீங்கினாலோ, உள்ளே இரத்தம் கசிந்தாலோ உறை இடங்கொடுப்பதில்லை. அழுத்தம் ஏறி, நுண்குழாய்களில் இரத்தவோட்டம் தடைப்படுகிறது. ஏறத்தாழ 6 மணி நேரம் இந்நிலை நீடித்தால் தசை மீளமுடியாதபடி கெட்டுவிடலாம். பின்னர் அது சுருங்கி, விரல்கள் நிரந்தரமாக மடங்கிவிடும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மான் இதனை 1881இல் விவரித்தார். (புனைபெயரில் இனிய தேவதைக் கதைகள் எழுதியவரும் இவரே!) இறுக்கமான கட்டும் இதற்குக் காரணமாகலாம்; மூங்கில் பத்தை வைத்து இறுக்கும் நாட்டுக்கட்டுக்கும் இது பொருந்தும்.

பரிகாரம், உறையை நீளக் கீறித் திறந்துவிடுவதே. தேவையின்றிக் கீறினால் பெரும் புண்ணும் தொற்றும் நேரலாம். தயங்கினால் கை பாழாகும். எலும்பைக் காட்டும் எக்ஸ்ரே, தசையின் தவிப்பைக் காட்டாது. ஐயம் எழும்போது தசைக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளக்கிறார்கள்.

குத்தாமல், கீறாமல் அறிய வழியில்லையா? நுண்ணலைகள் இங்கே துணைக்கு வருகின்றன. மைக்ரோவேவ் அடுப்பில் உணவைச் சூடாக்கும் அதே இன அலைகள்தாம். ஆனால் ஆற்றல் மிகச் சொற்பம். நீர் மிகுந்த பொருளில் இவ்வலைகளின் போக்கு மாறுகிறது. மின்புலத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு இசைகிறது என்பதைக் குறிக்கும் எண், அடுப்பின் அலைவரிசையில் கொழுப்புக்கு ஏறத்தாழ 5, கெட்டி எலும்புக்கு 11, தசைக்கு 53, இரத்தத்துக்கு 58. தசையும் இரத்தமும் இவ்வளவு நெருங்கி நிற்பதே ஆய்வாளருக்குப் பெரும் தலைவலி!

ஆகவே கைகாலைச் சுற்றிப் பல சிற்றலைவாங்கிகளைப் பொருத்துகின்றனர். ஒன்று அலையை அனுப்ப, மற்றவை சிதறி வருவதைப் பெறுகின்றன. கணிப்பொறி அவற்றை ஒப்பிடுகிறது. இதில் ஒரு வசதியும் உண்டு: பழுதற்ற மறு கையோ காலோ அருகிலேயே இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க.

சுவீடனின் கோத்தன்பர்க் நகரிலுள்ள சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர், மூளையில் இரத்தக் கசிவா, அடைப்பா எனப் பிரித்தறியும் நுண்ணலைத் தலைக்கவசத்தின் முடிவுகளை 2014இல் வெளியிட்டனர். தொடைத்தசைக் கிழிசலைக் கண்டறியவும் அங்கே ஆய்வு நடந்துள்ளது. எனினும் நுண்ணலை உணர்வது நீரையும் இரத்தத்தையுமே. அழுத்தத்தை அது நேராக அளப்பதில்லை. எனவே ஊசிக்கு இன்னும் ஓய்வு கிட்டவில்லை.

நம் சிறுவனிடம் திரும்புவோம். காயத்துக்குப் பொருந்தாதபடி வலி ஏறுகிறதா? விரல்களை மெல்ல நீட்டினாலே அலறுகிறானா? மரத்துப்போகிறதா? நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். அங்கே முதலில் செய்வது பெரும்பாலும், மாவுக்கட்டைப் பிளந்து தளர்த்துவதுதான்.