குரல் அழைப்புச் சேவையகங்களில் சுமைப் பகிர்வும் இடையறாச் செயல்பாடும்

முன்னுரை

இணையவழிக் குரல் அழைப்பு இன்று அலுவலகத் தொலைபேசி முதல் அவசர உதவி மையம் வரை பரவியுள்ளது. சேவையகம் செயலிழந்தால், இணையப் பக்கத்தைப் படிப்பவர் அதனை மீண்டும் திறந்துகொள்ளலாம். உதவி கோரிப் பேசிக்கொண்டிருப்பவரின் உரையாடலோ பாதியில் அறுந்துபோகும். எனவே, இணையதளங்களுக்குரிய சுமைப் பகிர்வு முறையை அப்படியே குரல் சேவைக்குப் பொருத்த இயலாது. சேவையைக் காப்பதும் நடப்பு அழைப்பைக் காப்பதும் வெவ்வேறு பணிகள் என்பதை, கமேலியோ, ஆஸ்டரிஸ்க் ஆகிய திறமூல மென்பொருள்களாலான அமைப்பின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

பகிர்வின் அலகு

2002இல் வெளியான ஆர்.எஃப்.சி. 3261 ஆவணம் வரையறுக்கும் எஸ்.ஐ.பி. நெறிமுறையில், ஓர் அழைப்பு என்பது தனியொரு கோரிக்கை அன்று. அழைப்பைத் தொடங்கும் ‘இன்வைட்’, உறுதிசெய்யும் ‘ஏக்’, முடிக்கும் ‘பை’ ஆகிய செய்திகள் ஒரே உரையாடலைச் சார்ந்தவை. கோரிக்கைதோறும் சேவையகத்தை மாற்றினால், தான் அறியாத அழைப்பை முடிக்குமாறு பணிக்கப்படும் சேவையகம் ‘481’ என்னும் மறுப்பையே அனுப்பும். ஆதலின், முன்னிற்கும் கமேலியோ தனது ‘டிஸ்பேட்சர்’ கூறின் துணையுடன் முதல் இன்வைட்டுக்கு மட்டுமே ஆஸ்டரிஸ்க் சேவையகமொன்றைத் தேர்கிறது. பின்வரும் செய்திகள், அவற்றிலேயே பொறிக்கப்பட்ட வழித்தடக் குறிப்பைப் பின்பற்றி அதே சேவையகத்தை அடைகின்றன.

சுழற்சிமுறைத் தேர்வு அழைப்புகளின் வருகையைச் சமமாக்குமேயன்றிச் சுமையைச் சமமாக்காது. ஓர் அழைப்பு 1 நிமிடமும் மற்றொன்று 1 மணி நேரமும் நீடிக்கக்கூடும். நடப்பு அழைப்புகளின் எண்ணிக்கையைக் கொண்டு தேர்வது இதற்குத் தீர்வாகும்.

பழுதறிதல்

பதில் வராத இன்வைட்டைக் கைவிட, நெறிமுறையின் இயல்பு மதிப்பு 500 மில்லி விநாடியின் 64 மடங்கு, அதாவது 32 விநாடிகள் ஆகும். அழைப்பவர் அதுவரை காத்திருக்கமாட்டார். ஆகவே, ‘ஆப்ஷன்ஸ்’ செய்தியைக் குறித்த இடைவெளியில் அனுப்பி, பதிலளிக்காத சேவையகத்தை முன்கூட்டியே பட்டியலிலிருந்து விலக்கவேண்டும்.

பகிர்வியின் பழுது

தனித்தனியே 99% கிடைக்கும் இரு சேவையகங்கள், அவற்றின் பழுதுகள் ஒன்றையொன்று சாராதவரை, இணைந்து 99.99% கிடைக்கும். அவற்றின்முன் 99.9% கிடைக்கும் ஒற்றைப் பகிர்வியை நிறுத்தினால், மொத்தக் கிடைப்பு ஏறத்தாழ 99.89% ஆகக் குறைகிறது. எனவே பகிர்விக்கும் இணை தேவை. ‘கீப்அலைவ்டு’ மென்பொருள் வி.ஆர்.ஆர்.பி. நெறிமுறையின்வழி மெய்நிகர் ஐபி முகவரியொன்றை இரு பகிர்விகளுக்கும் பொதுவாக்குகிறது. அறிவிப்பு இடைவெளி 1 விநாடியாயின், முதன்மைப் பகிர்வி வீழ்ந்த 3 முதல் 4 விநாடிகளுக்குள் மாற்றுப் பகிர்வி அம்முகவரியை ஏற்கும். வழித்தடக் குறிப்பில் மெய்நிகர் முகவரியே இடம்பெறுமாறு அமைத்தால், யுடிபி வழியாக வரும் ‘பை’ செய்தி உரிய இடத்தைச் சென்றடையும்.

நடப்பு அழைப்பின் நிலை

குரல் பொதிகள் ஆர்.டி.பி. நெறிமுறையில் தனிவழியே செல்வதால், பகிர்வி வீழ்ந்தாலும் பேச்சு தொடரும். ஆஸ்டரிஸ்க் வீழ்ந்தாலோ, அதன் வழியே குரல் செல்லும் அழைப்புகள் யாவும் அறுபடும். எஞ்சிய சேவையகங்கள் புதிய அழைப்புகளை மட்டுமே காக்கும். அதற்கும் கொள்ளளவில் இடம் வேண்டும். தலா 100 அழைப்புகளைத் தாங்கும் மூன்று சேவையகங்களுள் ஒன்றின் வீழ்ச்சியைத் தாங்க, மொத்தச் சுமை 200ஐத் தாண்டலாகாது. ஒவ்வொன்றும் சராசரியாக 66 அழைப்புகளையே ஏற்கலாம்.

முடிவுரை

குரல் சேவையில் பகிரவேண்டிய அலகு கோரிக்கை அன்று, அழைப்பே. மேலே விளக்கிய அமைப்பு சேவையை இடையறாது காக்கிறது. ஆயினும், வீழ்ந்த ஆஸ்டரிஸ்க்கின் அழைப்புகளை மீட்பதில்லை. அவற்றையும் காக்க வேண்டுமெனில், அழைப்பின் நிலையைச் சேவையகத்துக்கு வெளியே பேணுதல் இன்றியமையாதது. இவ்வேறுபாட்டை வடிவமைப்பின் தொடக்கத்திலேயே வரையறுத்தல் வேண்டும்.