நம் சாமி ஆகுர்டியிலும் இருக்கிறாரா?

இந்த ஆண்டு பங்குனி உத்திரத்துக்கு ஊருக்குப் போக முடியவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலுள்ள எங்கள் சாஸ்தா கோயிலை நினைத்து என் தாயார் வருந்திக்கொண்டிருந்தார். "சாமி எங்கும் இருக்கிறார்னு நீங்கதானே சொன்னீங்க, ஆச்சி? அப்புறம் ஏன் ஊருக்குப் போகணும்?" என்று கேட்டாள் என் மகள். தாயார் பேசவில்லை. எனக்கும் உடனே பதில் தெரியவில்லை.

அன்று மாலை ஆகுர்டி ரயில் நிலையத்துக்கு அவளை அழைத்துப் போனேன். லோனாவாலா பக்கம் நீளும் தண்டவாளங்கள் தொலைவில் ஒன்று சேர்வதுபோல் தெரிந்தன. "அங்கே சேர்ந்துடுமா, அப்பா?" என்றாள்.

சேராது. அகலப் பாதையின் இடைவெளி 1676 மில்லிமீட்டர். இங்கும் அதேதான், லோனாவாலாவிலும் அதேதான். ஆனால் தூரம் இரு மடங்கானால் அந்த இடைவெளி கண்ணுக்குப் பாதியாகத் தெரியும். பாதை நேராக இருந்தால்கூட, ஏறத்தாழ ஐந்தே முக்கால் கிலோமீட்டருக்கு அப்பால் சாதாரணக் கண்ணால் இரண்டையும் பிரித்தறிய இயலாது. தண்டவாளம் முடியவில்லை, நம் பார்வைதான் முடிகிறது.

முடிவிலி என்றதும் மிகப் பெரிய எண் ஒன்றை நினைத்துக்கொள்கிறோம். அதன் கணக்கே வேறு. 1638-இல் கலீலியோ ஒரு விந்தையைக் காட்டினார். 1, 4, 9, 16 என்னும் வர்க்க எண்கள் எல்லா எண்களிலும் ஒரு பகுதியே. ஆயினும் 1-க்கு 1, 2-க்கு 4, 3-க்கு 9 என்று ஜோடி சேர்த்துக்கொண்டே போனால் எந்தப் பக்கமும் மிஞ்சாது. முடிவற்றதில் பகுதியானது முழுமைக்குக் குறைந்ததாக இருக்க வேண்டியதில்லை! பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வாழ்ந்த கேன்டர் இதை முறையான கணிதமாக வளர்த்தார்.

கணிதம் கடவுளை நிரூபிக்காது. ஆனால் 'எங்கும்' என்ற சொல்லை யோசிக்கக் கற்றுத்தரும். நாம் வாழும் மகாராஷ்டிர மண்ணில் வழங்கும் நாமதேவர் கதையும் அதைத்தான் செய்கிறது. அவுண்டா நாகநாத் கோயிலில் விசோபா கேசரர் லிங்கத்தின் மேல் கால் நீட்டிப் படுத்திருந்தாராம். நாமதேவர் பதறிப்போனார். கடவுள் இல்லாத இடமாகப் பார்த்துக் காலை எடுத்து வைக்கும்படி சொன்னாராம் பெரியவர். வைத்த இடமெல்லாம் லிங்கம் தோன்றியதாம்!

வீடு திரும்பியதும் மகளிடம் சொன்னேன்: "சாஸ்தா ஊரில் அதிகம், இங்கே குறைவு என்றில்லை அம்மா. ஊர் என்பது நாம் அவரைப் பார்த்துப் பழகிய இடம்."

கேட்டுக்கொண்டிருந்த என் தாயார் எழுந்து விளக்கேற்றினார். பிறகு மெல்லச் சொன்னார்: "இருந்தாலும் அடுத்த பங்குனிக்கு மறக்காம டிக்கெட் போட்டிருப்பா."

உங்கள் வீட்டுக் குழந்தைகளும் ஒருநாள் கேட்பார்கள், அன்பர்களே. நீங்கள் என்ன சொல்வீர்கள்?