கோழி காலில் கருப்பு புண்: நோயா? ஈர மஞ்சிதான் காரணம்!

பல்லடம்:
மழைக்காலம் வந்தாலே கறிக்கோழி பண்ணைக்காரர்களுக்கு தூக்கம் போய்விடும். நன்றாக தீவனம் தின்று கொண்டிருந்த கோழி, நாலாவது வாரத்தில் நொண்ட ஆரம்பிக்கும். தூக்கிப் பார்த்தால் உள்ளங்காலில் கருப்பாக புண் இருக்கும். ஏதோ தொற்றுநோய் வந்துவிட்டது என்று பதறி மருந்துக்கடைக்கு ஓடுபவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலும் குற்றவாளி கோழியின் காலுக்கு அடியிலேயே இருக்கிறது. தரையில் பரப்பிய ஈர மஞ்சிதான் அது.

கூண்டு வேறு, தரை வேறு

நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிகள் கம்பிக் கூண்டில் இருப்பவை. எச்சம் கீழே விழுந்துவிடும். பல்லடம் பக்கத்து கறிக்கோழிகள் அப்படியல்ல. தேங்காய் மஞ்சி, நெல் உமி, மரத்தூள், கடலைத்தோல் என ஏதாவது ஒன்றை 2, 3 அங்குலம் பரப்பி அதன் மேல்தான் வளர்க்கிறார்கள். ஒரு கோழிக்கு சுமார் 1 சதுர அடி இடம். சாப்பாடு, தூக்கம், எச்சம் எல்லாம் அங்கேயேதான்.

ஒரு கோழி 2 கிலோ எடை வருவதற்குள் 6 லிட்டர் தண்ணீர் குடித்துவிடும். 5 ஆயிரம் கோழி என்றால் 30 ஆயிரம் லிட்டர். இதில் பெரும்பகுதி எச்சத்தோடு மஞ்சியில்தான் இறங்குகிறது. வெயில் காலத்தில் காற்று அதை காயவைத்துவிடும். மழையில் காயாது. கட்டி கட்டியாக இறுகிவிடும்.

புண் வருவது எப்படி?

எச்சத்தில் உள்ள யூரிக் அமிலத்தை ஈரத்தில் பெருகும் பாக்டீரியாக்கள் உடைக்கும்போது அமோனியா வருகிறது. ஷெட்டுக்குள் போனதும் கண் எரிகிறதே, அது இதுதான். ஈரத்தில் ஊறி மெதுவாகிப்போன தோலை இது அரித்துவிடும். முதலில் பழுப்பு நிறம், பிறகு செதில், கடைசியில் கருப்பு பொருக்கோடு புண்.

கறிக்கோழி எடை கூடக் கூட அதிக நேரம் உட்கார்ந்தே இருக்கும். அதனால் கணுக்காலிலும் நெஞ்சுத் தோலிலும் கூட இதே புண் வருகிறது. அந்த வழியாக கிருமி புகுந்தால் கால் வீங்கிவிடும்.

கூலியில் விழும் அடி

ஒப்பந்த முறையில் குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது. ஷெட், கரண்ட், மஞ்சி, உழைப்பு விவசாயியுடையது. எடையை வைத்துத்தான் வளர்ப்புக் கூலி. கால் வலிக்கிற கோழி தீவனத் தட்டுக்கு நடந்து போகாது. எடை குறைந்தால் கூலியும் குறையும். மஞ்சி செலவில் மிச்சம் பிடித்த காசு இப்படித்தான் கை நழுவிப் போகிறது.

கையில் பிடித்தாலே தெரியும்

மஞ்சியில் ஈரப்பதம் 20 முதல் 30 சதவீதத்துக்குள் இருந்தால் பயமில்லை. இதை பார்க்க மெஷின் எதுவும் வேண்டாம். ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடிக்க வேண்டும். விட்டதும் உதிர்ந்தால் சரி. உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். பிடியே நிற்காமல் தூசி பறந்தால் ரொம்ப காய்ந்துவிட்டது. அதுவும் ஆகாது, கோழிக்கு மூச்சுக் கோளாறு வரும்.

செய்ய வேண்டியது என்ன?

* மஞ்சி தண்ணீரை நன்றாக இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரத்தோடு வந்திருந்தால் உலர்த்தியே பரப்ப வேண்டும்.

* 2, 3 நாளுக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். இறுகிய கட்டிகளை வெளியே அள்ளிப்போட்டு காய்ந்ததை போட வேண்டும்.

* நிப்பிள் ஒழுகுகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். கோழி வளர வளர உயர்த்திக் கட்ட வேண்டும். ஈரம் முதலில் பிடிப்பது நிப்பிள் லைனுக்கு அடியில்தான்.

* மழைச் சாரலுக்கு பயந்து படுதாவை முழுக்க மூடக்கூடாது. மேலே இடைவெளி விட்டால்தான் அமோனியா வெளியேறும். காற்றில் 10 லட்சத்துக்கு 25 பங்கை தாண்டினால் கோழிக்கு ஆபத்து.

* சுண்ணாம்பு போட்டால் சரியாகிவிடும் என்று மூட்டை மூட்டையாக கொட்டக்கூடாது. அது அமோனியாவை இன்னும் கிளப்பிவிடும். சுட்ட சுண்ணாம்பு காலையே வேகவைத்துவிடும்.

முதல் வாரத்திலேயே பத்து, இருபது குஞ்சுகளை தூக்கி உள்ளங்காலை பார்ப்பது நல்லது. பழுப்பு நிறத்தில் இருக்கும்போதே தரையை காயவைத்தால் தோல் தானாக ஆறிவிடும். கருப்பு பொருக்கு தட்டிய பிறகு மருந்து வாங்கினாலும், தரை ஈரமாக இருக்கும் வரை புண் ஆறாது. வீக்கமும் நொண்டலும் அதிகமானால் கால்நடை டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.