நுழைவுச்சீட்டும் விருப்பப் பொருளும்

நாடகசாலைக்குச் செல்பவர் நாடகத்தை மாத்திரம் நாடிச் செல்வதில்லை. இருப்பதற்கு வசதியான இடம் வேண்டும். இடைவேளையிற் பசித்தால் ஏதேனும் உண்ண வேண்டும். வீடு திரும்பியபின் எடுத்துப் பார்க்க ஒரு விழா மலர் வேண்டும். இவற்றுள் எதுவும் இல்லாமலும் நாடகத்தைக் கண்டு களிக்கலாம். ஆயினும் இவற்றை விரும்புவோரும், அவ்விருப்பம் அறிந்து விற்போரும் எக்காலத்திலும் இருந்திருக்கின்றனர். இன்று நுழைவுச்சீட்டு இணையத்தளத்தில் விற்கப்படுகின்றது. சீட்டு வாங்கும் அவ்விடத்திலேயே இவ்வாறான பொருள்களையும் விற்பதற்கு ஏற்பாடு செய்வது எப்படி என்பதையே இன்றைய பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

இவ்வழக்கம் இணையத்தோடு பிறந்ததன்று. 1599ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரைக் காணவந்த தோமஸ் பிளாற்றர் என்னும் சுவிஸ் நாட்டவர், அங்குள்ள நாடகசாலைகளைப்பற்றித் தம் பயணக் குறிப்பில் எழுதிவைத்திருக்கின்றார். முற்றத்தில் நின்று பார்ப்பவர் ஒரு பென்னி கொடுப்பார். இருந்து பார்க்க விரும்புபவர் வேறொரு வாயிலிலே இன்னுமொரு பென்னி கொடுப்பார். மெத்தையிட்ட இருக்கை வேண்டுமாயின் அதற்கப்பாலுள்ள வாயிலிலே மூன்றாவது பென்னி. மெத்தையில் இருப்பவர் நாடகத்தை நன்றாகக் காண்பதோடு, மற்றவர் கண்ணிலும் நன்றாகப் படுவார் என்பதையும் அவர் குறிக்கத் தவறவில்லை. தின்பண்டமும் பானமும் சபையோரிடையே கொண்டுதிரிந்து விற்கப்பட்டன. நம் நாட்டிலும் படமாளிகை வாயிலிலே பாட்டுப் புத்தகம் சில சதத்துக்கு விற்கப்பட்டதை முதியோர் அறிவர். கடலைச் சரையும் சோடாவும் இடைவேளைக்கு உரியவை. பாட்டுப் புத்தகம் வாங்காதவர் படம் பார்க்க வரவேண்டாம் என்று எந்த முதலாளியும் சொன்னதாக நாம் கேட்டதில்லை.

பாடசாலையிலே கட்டாயப் பாடம் என்றும் விருப்பப் பாடம் என்றும் இரு வகை உண்டு. அவ்வழக்கைப் பின்பற்றி இப்பொருள்களை விருப்பப் பொருள் என அழைப்போம். பெயரிலுள்ள விருப்பம் என்னும் சொல்லை ஏற்பாடு செய்பவர் மறவாதிருப்பாராயின் பாதி வேலை முடிந்ததெனலாம்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு பேசினால் விளக்கம் எளிதாகும். பாடசாலையொன்றின் பழைய மாணவர் சங்கம், தன் நூல்நிலையத்துக்குப் பணந்திரட்டும் பொருட்டு, யாழ்ப்பாணம் வீரசிங்கம் மண்டபத்திலே ஒரு நாடக விழா நடத்துகின்றதென வைத்துக்கொள்வோம். உணவுப் பொதி, விழா மலர், நன்கொடை யாவற்றையும் சேர்த்துச் சீட்டின் விலை 1500 ரூபா என்று வைக்கலாம். அப்போது ஐந்து பேருள்ள குடும்பம் 7500 ரூபா கொடுக்க வேண்டும். கூலிக்கு வேலைசெய்யும் தந்தை அத்தொகையைக் கேட்டதும், நாடகத்தில் நடிக்கும் தம் பிள்ளையை மாத்திரம் அனுப்பிவிட்டுத் தாம் வீட்டிலிருந்துவிடுவார். சீட்டு 500 ரூபா என்றும் ஏனையவை தனித்தனி விலைக்கு விருப்பப்படி என்றும் வைத்தால், அதே குடும்பம் 2500 ரூபாவோடு மண்டபத்துள் வந்துவிடும். வசதியுள்ளவர் மலரும் வாங்குவார். நூல்நிலையத்துக்கு ஆயிரம் இரண்டாயிரம் மேலதிகமாகவும் கொடுப்பார். வாயிலை எல்லோருக்கும் திறந்துவைத்துக்கொண்டே வேண்டிய பணத்தையும் சேர்க்க வழிசெய்வதாலேயே இம்முறையை நான் விரும்புகின்றேன். அதிக இலாபத்துக்கு உபாயம் தேடுவோருக்கு என் பேச்சு அவ்வளவு பயன்படாது.

இனி, அமைக்கும் முறை. சீட்டு விற்கும் இணையத்தளங்கள் பெரும்பாலும் ஒரே போக்கில் அமைந்தவை. முதலிற் சீட்டு வகைகளைப் பதிய வேண்டும். அதன்பின் விருப்பப் பொருள்களை ஒவ்வொன்றாகப் பதிய வேண்டும். பெயர், விலை, விளக்கம், படம் ஆகியவற்றை எழுதுவதில் இடர்ப்பாடு இல்லை. விளக்கத்தை மாத்திரம் சுருக்கிவிடாதீர்கள். ‘சிற்றுண்டி’ என்று எழுதினால் ஒருவர் வடையை நினைப்பார், மற்றொருவர் கொத்துரொட்டியை நினைப்பார். பொதியுள் என்ன இருக்கும், எத்தனை இருக்கும், சைவமா அசைவமா, எங்கே எந்நேரத்திற் கொடுக்கப்படும் என்பன எழுத்தில் இருத்தல் வேண்டும்.

அடுத்து எழும் வினா, பொருள் ஆளுக்கு உரியதா கொள்வனவுக்கு உரியதா என்பது. உணவுப் பொதி ஆளுக்கு ஒன்று. ஐந்து சீட்டு வாங்குபவர் ஐந்து பொதிவரை கேட்கலாம். வாகனத் தரிப்பிடம் அவ்வாறன்று. ஐவரும் ஒரே காரில் வருவர். ஆகவே ஒரு கொள்வனவுக்கு ஓரிடமே போதும். இவ்வேறுபாட்டை இணையத்தளத்துக்கு நாம் சொல்லிவைக்காவிட்டால் அது ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு தரிப்பிடம் விற்றுவிடும். நாற்பது காருக்கு இடமுள்ள முற்றம் எட்டுக் குடும்பத்தோடு நிரம்பிவிட்டதாகக் கணக்குக் காட்டும். வெளியே பார்த்தால் எட்டுக் கார் மாத்திரமே நிற்கும்.

எந்தச் சீட்டுக்காரருக்கு எந்தப் பொருளைக் காட்டுவது என்பதும் சிந்திக்கத் தக்கது. பிளாற்றர் இலண்டனுக்கு வந்த அதே 1599இல் எழுந்த குளோப் அரங்கு 1613இலே தீக்கிரையாயிற்று. அதன் சாயலில் அமைந்த புதிய அரங்கு 1997இல் தேம்ஸ் நதிக்கரையிலே திறக்கப்பட்டது. இருக்கைகள் வெறும் மரவாங்குகள். ஆதலால் மெத்தை வாடகைக்குக் கிடைக்கும். சீட்டோடு அதையும் முன்பதிவு செய்யலாம். கூரையில்லாத முற்றத்தில் நிற்பவர்களோ நாடகம் நடக்கும்போது தரையில் இருத்தலாகாது. மழை வந்தாலும் குடை விரித்தலாகாது. நிற்பவரிடம் மெத்தை வேண்டுமா என்று கேட்பது கேலிபோலத் தோன்றும். அவருக்கு உதவுவது மழையங்கி. அது கூரையின்கீழ் இருப்பவருக்குத் தேவையில்லை. இவ்வாறு பொருளைச் சீட்டு வகையோடு பொருத்திவிட்டால் ஒவ்வொருவருக்கும் காட்டப்படும் பட்டியல் சிறிதாகும்.

பட்டியல் சிறிதாயிருத்தல் வேண்டும் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஒருவர் தெரிந்த ஆசனத்தை இணையத்தளம் சில நிமிட நேரமே அவருக்கென ஒதுக்கிவைக்கும். அதற்குள் பணம் செலுத்தப்படாவிட்டால் ஆசனம் மீண்டும் பொதுவிற்பனைக்குப் போய்விடும். கண்ணாடியைத் தேடியெடுத்து, கைத்தொலைபேசியை எட்டப் பிடித்து வாசிக்கும் ஓய்வூதியர் ஒருவர் பன்னிரண்டு பொருள்களைக் கடந்து வருவதற்குள் அவருடைய ஆசனம் கைமாறிவிடும். மூன்று நான்கு பொருள்கள் போதும் என்பது என் எண்ணம்.

எண்ணிக்கையில் மிகுந்த கவனம் வேண்டும். மண்டபத்தில் ஆசனத்துக்கு எல்லையிருப்பதுபோல ஒவ்வொரு பொருளுக்கும் எல்லை உண்டு. சைவப் பொதி, அசைவப் பொதி என்று இரண்டு இருந்தால் இரண்டுக்கும் தனித்தனிக் கையிருப்பு வேண்டும். பாடசாலைச் சின்னம் பொறித்த ரீசேட் விற்பதாயின், ஒவ்வோர் அளவுக்கும் வெவ்வேறு கணக்கு வேண்டும். மொத்தம் 100 என்று மாத்திரம் பதிந்துவைத்தால், நடுத்தர அளவையே 80 பேர் கேட்டுப் பணமும் கட்டிவிடுவர். பெட்டியிலோ நடுத்தர அளவு 30 இருக்கும். விற்பனை முடியும் நாளும் பொருளுக்குப் பொருள் வேறுபடும். சீட்டை நாடகம் தொடங்கும்வரை விற்கலாம். சமையற்காரருக்கோ எத்தனை பொதி என்று இரண்டு நாள் முன்னராவது சொல்ல வேண்டும். ஆகவே உணவின் விற்பனையை அதற்கு முன்பே மூடிவிட வேண்டும். சீட்டை முந்தி வாங்கியவர் பின்னர் பொதி வேண்டுமென நினைத்தால் என்ன செய்வது? சில இணையத்தளங்கள் பழைய கொள்வனவோடு புதிதாக ஒன்றைச் சேர்க்க விடும், சில விடமாட்டா. விடாத இடத்திலே, பழைய கொள்வனவு இலக்கத்தைக் கேட்டு, பொருளை மாத்திரம் வாங்கத்தக்க வேறொரு வழியைத் திறந்துவைத்தல் நன்று.

அவ்வழி நன்கொடைக்கும் உதவும். நம் பாடசாலைகளின் பழைய மாணவர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழ்கின்றனர். விழாவுக்கு வர இயலாதவர் நூல்நிலையத்துக்குப் பணம் அனுப்ப விரும்புவர். சீட்டு எடுத்தவருக்கே விருப்பப் பொருள் தோன்றும்படி அமைத்திருந்தால், அவர் நன்கொடை கொடுப்பதற்காகவே ஒரு சீட்டு வாங்க நேரும். விழாவன்று ஓர் ஆசனம் வெறிதே கிடக்க, ஊரவர் ஒருவர் இடமில்லையென்று திரும்பிப் போவார். நன்கொடை சீட்டின்றியும் செலுத்தத்தக்கதாய், தொகையைக் கொடுப்பவரே எழுதத்தக்கதாய் இருத்தல் வேண்டும்.

விலை வைக்குமிடத்து ஒரு சிறு கணக்கு. பொதியின் அடக்கவிலை 400 ரூபா, விற்பனை விலை 450 ரூபா என்போம். 50 ரூபா மிஞ்சும் என்று செயலாளர் மகிழ்வார். பணத்தை அட்டைமூலம் பெற்றுத்தரும் நிறுவனம் மொத்தத் தொகையில் நூற்றுக்கு 3 ரூபா எடுப்பதாயின் 13 ரூபா 50 சதம் அதற்குப் போய்விடும். மிஞ்சுவது 36 ரூபா 50 சதமே. சீட்டு விற்கும் தளமும் தனக்கொரு பங்கை எடுக்கலாம். அப்பங்கு சீட்டின்மேல் மாத்திரமா, பொருளின்மேலுமா, நன்கொடையின்மேலுமா என்பதை ஒப்பந்தத்தில் வாசித்தறிந்த பின்னரே விலையை முடிவுசெய்ய வேண்டும்.

இதுவரை கூறியவை பெரும்பாலும் கணக்கைச் சார்ந்தவை. மனத்தைச் சார்ந்தது ஒன்றுண்டு. வாங்குபவர் கேளாமலே பொருளைக் கூடையிலிட்டு, ‘வேண்டாமாயின் எடுத்துவிடுக’ என்று விட்டுவிடும் வழக்கம் பல தளங்களிற் புகுந்துவிட்டது. பெட்டியில் முன்கூட்டியே சரியடையாளம் இட்டிருப்பர். அவசரத்திலிருப்பவர் அதைக் காணமாட்டார். ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் இயற்றி, 2014 யூன் 13 முதல் நடைமுறைப்படுத்திய நுகர்வோர் உரிமை பற்றிய பணிப்புரை இதைத் தடுத்தது. மேலதிகப் பணத்துக்கு வாங்குபவர் தாமே வெளிப்படையாக இசைய வேண்டும். முன்னிட்ட அடையாளத்தை அவர் நீக்காததை இசைவாகக் கொள்ளலாகாது. அவ்வாறு பெற்ற பணத்தை மீளக் கேட்க அவருக்கு உரிமையுண்டு. ஐக்கிய அமெரிக்காவிலே, 2025 மே 12 முதல், நேரடி நிகழ்ச்சிச் சீட்டுக்கு விலை சொல்பவர் கட்டாயக் கட்டணங்கள் யாவற்றையும் கூட்டிய முழுவிலையைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. உண்மையாகவே விருப்பத்துக்குரியதை அம்முழுவிலைக்கு வெளியே வைக்கலாம்.

அவ்விதிகள் நம் ஊர் மண்டபத்துக்காக எழுதப்பட்டவை அல்ல. ஆனாலும் 500 ரூபா என்று நம்பி வந்த தந்தை, கடைசிப் பக்கத்திலே 740 ரூபா என்று கண்டு திகைக்கும் நிலை எந்த ஊரிலும் ஒன்றே. ஆகவே எல்லாப் பொருளின் எண்ணிக்கையும் சுழியத்திலே தொடங்கட்டும். ‘வேண்டும்’ என்ற பொத்தான் எத்துணைப் பெரிதோ ‘வேண்டாம்’ என்பதும் அத்துணைப் பெரிதாயிருக்கட்டும். ‘எனக்கு நூல்நிலையத்தின்மேல் அக்கறையில்லை’ என்று எழுதி, நன்கொடை கொடாதவர் அதை அழுத்தித்தான் அப்பாற் செல்ல வேண்டும் என அமைப்போரும் உளர். கையில் இல்லாதவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் அச்செயல் பாடசாலையொன்றின் பெயரால் நடைபெறலாகாது. தவிர்க்க முடியாத சேவைக் கட்டணம் ஏதேனும் இருந்தால் அதைச் சீட்டு விலையோடே கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

பொருளோடு கேட்கும் வினாக்களும் அளவோடு இருத்தல் வேண்டும். ரீசேட்டுக்கு அளவைக் கேட்கலாம். உணவுக்கு ஒவ்வாமை உண்டா என்று கேட்கலாம். அதற்குப் பிறந்த திகதியும் அடையாள அட்டை இலக்கமும் எதற்கு? தனியாள் பற்றிய தரவுகளைப் பாதுகாத்தற்கென 2022இலே 9ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டிலும் இயற்றப்பட்டிருக்கின்றது. கருமத்துக்கு வேண்டிய விவரத்தை மாத்திரம் சேகரித்தல் அதன் அடிப்படைகளுள் ஒன்று.

விழா பிற்போடப்பட்டால் என்ன செய்வது என்பதையும் விற்பனைக்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். சீட்டுக்குப் பணம் திருப்பிக் கொடுக்கப்படலாம். அச்சிட்ட மலருக்கும் தைத்த ரீசேட்டுக்கும் அவ்வாறு செய்வதா, தபாலில் அனுப்புவதா? ஒருவர் ஐந்து சீட்டில் ஒன்றை மாத்திரம் நீக்கினால் அதனோடு சேர்ந்த பொதி தானாக நீங்குமா என்பதையும் சோதித்துப் பார்த்தல் வேண்டும். சோதனை என்றது வெறும் வாய்ச்சொல் அன்று. விற்பனை தொடங்குமுன் சங்கத்தவர் இருவர் தம் கைத்தொலைபேசியிலே உண்மையாகவே ஒரு சீட்டும் ஒரு பொதியும் வாங்கி, வரும் மின்னஞ்சலை வாசித்து, பின் அதை நீக்கியும் பார்க்க வேண்டும்.

இறுதியாக, மண்டப வாயில். சீட்டிலுள்ள கியூ.ஆர். குறியைக் காட்டியதும் வாயிற்காவலர் உள்ளே விடுவார். அக்குறியே பொதிக்கும் உரியதாயின், பொதி வழங்கப்பட்டது என்பதை வேறாகப் பதிய வேண்டும். அன்றேல் ஒருவர் இருமுறை பெறுவார், கடைசியில் வருபவர் வெறுங்கையோடு நிற்பார். நுழையும் வரிசையையும் பொருள் பெறும் வரிசையையும் ஒன்றாக்காமல், பொருளுக்கென ஒரு மேசையைப் பக்கத்தில் இடுதல் நன்று. இணையத் தொடர்பு அற்றுப்போகும் வேளைக்கென, வாங்கியவர் பெயரும் பொருளும் அகரவரிசையில் அச்சிட்ட தாள் ஒன்று மேசையில் இருக்கட்டும். இடைவேளை முடிந்தும் பெறப்படாத பொதிகள் சில எப்போதும் மிஞ்சும். அவற்றை நாடகம் முடியும்வரை வைத்திருப்பதா, மேடைக்குப் பின்னால் வேலைசெய்யும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவதா என்பதைச் சீட்டு வாங்கும் பக்கத்திலேயே ஒரு வரியில் எழுதிவிடலாம்.