கட்டத்துக்குள் ஒரு கணக்கு!

பிள்ளைகளே! திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வரிசையாகப் போகும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெட்டிகளில் 4 ஆங்கில எழுத்துகள், 6 இலக்கங்கள், கடைசியில் சிறு கட்டத்துக்குள் தனியாக ஓர் இலக்கம் இருக்கும். அது எதற்குத் தெரியுமா?

தவறைக் கண்டுபிடிக்க! ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. ஏ=10, பி=12, சி=13 என்று வரிசையாகப் போகும்; 11, 22, 33 மட்டும் கிடையாது. முதல் இடத்தை 1ஆல் பெருக்குங்கள். அடுத்தடுத்த இடங்களை 2, 4, 8 என இரட்டித்து, பத்தாவது இடத்தை 512ஆல் பெருக்குங்கள். எல்லாவற்றையும் கூட்டி 11ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதிதான் கட்டத்துக்குள் இருக்கும் இலக்கம். மீதி 10 என்றால் 0.

உதாரணம்: சி, எஸ், கியூ, யு, 305438. கூட்டுத்தொகை 6185, மீதி 3. துறைமுக ஊழியர் அவசரத்தில் 305483 என்று தட்டிவிட்டால் மீதி 3 வராது. கணினி உடனே 'தவறு' என்று சொல்லிவிடும். இல்லையென்றால் கொழும்புக்குப் போக வேண்டிய பெட்டி சிங்கப்பூருக்குப் போய்விடலாம்!

சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் 1983இல் வந்தது. அதற்கு முன் மூட்டை தூக்கும் தோள்வலுவே பெரிதாக இருந்தது. இன்று அதே துறைமுகத்தில் கணக்கும் கவனமும் வேலை தருகின்றன.

கணினிப் படிப்பு என்றால் விசையைத் தட்டுவது மட்டும் அல்ல, இப்படி யோசிப்பதும்தான். வீட்டில் கணினி இல்லையே என்று வருந்தாதீர்கள். பென்சிலும் தாளும் போதும். பெரியவர்களோடு நடைபாதையில் நின்று ஒரு பெட்டியின் எண்ணைக் குறித்துவந்து, நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்களேன்!